கார்டுக்கு ஒரு கயிறு

முதலில் ஊதாச் சதுரங்கள்.
குதிரைக்காரனின் கன்னத்தில் தொடங்கி
புல்வெளி முழுக்க அம்மை போட்டதுபோல் பரவி,
பிறகு திரை கறுத்தது.
ஃபேன்கள் மட்டும்
பழி தங்கள்மேல் இல்லையென்று
உரக்கச் சுற்றிக்கொண்டிருந்தன.

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்,
ஐந்தரைக்குள் இருட்டிவிடுகிறது.
நண்டுத் தொழிற்சாலையில் பத்து மணி நேரம்
கால் ஒடித்துவிட்டு வருகிறேன்,
நண்டின் காலைத்தான் சொல்கிறேன்,
என்னுடையதும் ஏறக்குறைய அப்படித்தான்.
ராத்திரி ஒரு மணி நேரம்
குதிரைமேல் உட்கார வேண்டாமா நான்?

டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டேன்.
பழையதைப் போட்டேன்.
அதற்கும் பழையதைத் தேடிப் போட்டேன்.
அண்ணன் எலிசேயோ கதவில் சாய்ந்து
"வைரஸாக இருக்கும்" என்றான்.
வாஷிங் மெஷின் நின்றபோதும்
அதையேதான் சொன்னான்.

பெட்டியைத் திறந்தேன்.
ஒன்றரைக் கிலோ கார்டு,
நல்ல ஆண் நண்டு ஒன்றின் எடை.
தூசி ஊதினேன். வெப்பப் பசை
காய்ந்த பற்பசைபோல் உதிர்ந்தது,
சுரண்டிப் புதிதாகத் தடவினேன்.
அறுபத்தேழு டிகிரி. காய்ச்சலும் இல்லை.
கேபிளை மாற்றினேன்.
கூட வேலை பார்க்கும் ஃபபியோலாவிடம்
பவர் சப்ளையைக் கடன் வாங்கினேன்,
அவள் இரண்டு நாள் கணினி இல்லாமல் இருந்தாள்.
பாவம், அதுவும் வீண்.

விற்றவன் இவோ மார்த்தினிச்.
"கண்மணிபோல் வைத்திருந்தேன்" என்றான் போனில்.
துவாலையில் சுற்றி எடுத்துப் போனேன்.
அவனுடையது கான்கிரீட் கட்டடம், மூன்றாம் மாடி.
அவன் கணினியில் செருகினோம்.
இரண்டு மணி நேரம் ஒரு புள்ளி இல்லை.
காபி கொடுத்தான்,
பொய் சொல்பவளுக்குக் கொடுப்பதுபோல்.

வீட்டிலும் அன்று ஓடியது. மறுநாளும்.
வெள்ளிக்கிழமை அம்மை திரும்பி வந்தது.

அப்போதுதான் குறித்து வைக்கத் தொடங்கினேன்,
நண்டு எடை எழுதும் நோட்டின் பின்பக்கத்தில்.
செவ்வாய் ஒன்பது பத்து. ஒன்பது நாற்பது.
புதன் ஒன்றுமில்லை.
வியாழன் ஒன்றுமில்லை.
சனி, தொடர்ந்து ஆறு முறை.

ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது
ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது:
நீரிணைக்கு அப்பால் போகும் படகு
இந்த வாரம் நிறுத்தப்பட்ட நாட்கள்,
செவ்வாய், வெள்ளி, சனி.

கத்தியைக் கீழே வைத்தேன்.

எங்கள் வீடு மரம். மேலே தகரம்.
காற்று நூற்றுப் பத்தைத் தாண்டினால்
சாசரில் கப் பல் கடிக்கும்.
கார்டோ ஒரு முனையில் மட்டும் பிடிமானம்,
மறுமுனை அந்தரத்தில் தொங்கிச் சரிந்து கிடக்கிறது.
ஏதோ ஒரு சில்லின் அடியில், ஈயத்தில்,
மயிரிழை விரிசல் இருக்க வேண்டும்.
வீடு நடுங்கினால் அது வாய் திறக்கிறது.

சோதித்துப் பார்த்தேன்.
காற்றே இல்லாத அன்று காலை
மேசையில் ஓங்கி ஒரு குத்து.
ஊதாச் சதுரங்கள்!
இவ்வளவு சந்தோஷமாக
எதையும் நான் உடைத்ததில்லை.

ஊர் நடுவே, காற்று வெறிகொள்ளும் மாதங்களில்
தெரு முனைகளில் கயிறு கட்டுவார்கள்,
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள.
எலிசேயோவின் தூண்டில் பெட்டியிலிருந்து
நரம்பு எடுத்தோம்.
கார்டின் தொங்கும் முனையை
பெட்டியின் மேல்கம்பியோடு சேர்த்து
அவன்தான் முடிச்சுப் போட்டான்.
பல்லால் நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு
"வைரஸ் தப்பிக்க முடியாது" என்றான்.

அன்றிரவு நூற்றுப் பதினெட்டு.
தகரம் கத்தியது, கப் பல் கடித்தது,
விளக்கு இரண்டு முறை யோசித்தது.
விரிசல் போகவில்லை, எனக்குத் தெரியும்.
ஒருநாள் நரம்பும் போதாமல் போகும்.
புதிய கார்டு என் மூன்று மாதச் சம்பளம்.

குதிரை ஓடிக்கொண்டிருந்தது.
விளையாட்டுக்குள்ளும் காற்று இருக்கிறது,
இத்தனை நாள் கவனிக்கவில்லை.
புல் ஒரே பக்கமாக மெல்லச் சாய்கிறது.
யாரோ அதை
அழகுக்கென்று போட்டிருக்கிறார்கள்.