இருபத்து மூன்று: தொடாதே

ஒக்னியான் கால் முறிந்து கிடக்கிறான்.
அவன் மேசை இன்றிரவு என்னுடையது.
ப்லோவ்திவ், பழைய புகையிலைக் கிடங்கு.
சுவரைத் தொட்டால் இன்னும் விரல் மணக்கும்.

இருபத்து நான்கு ஃபேடர்கள்.
ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை ஒட்டுநாடா,
அதில் அவனுடைய சாய்ந்த எழுத்து:
முன்பக்கம் இடது. முன்பக்கம் வலது.
பின்னால் நீலம்.
தூண்.
இன்னொரு தூண்.
கலினாவின் முகம்.

யார் கலினா, எந்த நாடகத்தில் நின்றாள்,
தெரியாது. ஏற்றிப் பார்த்தேன்.
ஆளில்லாத இடத்தில்
ஒரு முகத்தின் உயரத்தில்
மஞ்சள் வெளிச்சம் வந்து காத்திருந்தது.
இறக்கிவிட்டேன், மெதுவாக.

இருபத்து மூன்று: தொடாதே.
மூன்று அடிக்கோடு.
உச்சிக்குத் தள்ளி, நகராதபடி
குறுக்கே இன்னொரு நாடாவும் ஒட்டியிருந்தான்.
தொடவில்லை.

மேசைக்குப் பேசத் தெரிந்தது எண்கள் மட்டும்,
பூஜ்யத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரை.
ஒரே கம்பியில் வரிசையாக
ஐந்நூற்றுப் பன்னிரண்டு எண்கள்,
நொடிக்கு நாற்பது தடவைக்கு மேல்.
யார் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.
விளக்குதான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்து
தன் முறை வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நகரும் விளக்குகள் இரண்டுக்கு ஒரே முகவரி.
ஒன்றைத் திருப்பினால் இரண்டும் திரும்பின,
தெருவில் ஒருவரைக் கூப்பிட்டால்
இன்னொருவரும் திரும்பிப் பார்ப்பதுபோல.
ஏணி ஏறி, அதன் முதுகிலிருந்த
குட்டி ஸ்விட்சுகளை நகத்தால் தள்ளி மாற்றினேன்.

கடைசி விளக்கின் வாயில்
கடுகளவு மின்தடை ஒன்றைச் செருக வேண்டும்.
இல்லாவிட்டால் போன சொல் முட்டித் திரும்பி
வருகிற சொல்லோடு மோதும்,
விளக்குகள் திக்கும்.
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு
அப்படி ஒன்று வாங்கலாம்.

மிர்த்தெ ரோட்டர்டாமிலிருந்து வந்தவள்.
ஒரு பெட்டி இசைத்தட்டு, ஒரு பாட்டில் தண்ணீர்.
ஒன்றே காலுக்குப் பாட்டை அறுப்பேன், என்றாள்.
நீ இருட்டைக் கொடு.
நான் தலையசைத்ததும் வெளிச்சம்.
ஒத்திகையில் பாட்டை மட்டும் அறுத்துப் பார்த்தோம்.
நல்ல நிசப்தம், என்றோம் இருவரும்.

ஒன்றே கால்.
அறுத்தாள்.
மாஸ்டர் ஃபேடரை அடிவரை இழுத்தேன்.
அறுநூறு பேர் ஒரே மூச்சில் காணாமல் போனார்கள்.

தட்டுக்கருவியின் சின்னச் சிவப்பில்
அவள் தலை மேலும் கீழும் ஆடியது.
எங்கள் ஊரில் அதற்கு இல்லை என்று பொருள்.
காத்திருந்தேன்.
இன்னும் வேகமாக ஆட்டினாள்.
இவ்வளவு உறுதியான இல்லையை
நான் பார்த்ததே கிடையாது.
காத்திருந்தேன்.

அப்போதுதான் கேட்டது, கேட்காமல் போனது.
மாலையிலிருந்து, ஒருவேளை வருடக்கணக்காக,
எங்கள் நிசப்தங்களின் அடியில் கிடந்த
ஒரு முனகல் நின்றிருந்தது.
எங்கோ ஒரு வளையல் நகர்ந்தது.
கூரைத் தகரத்தில் ஒரு புறா
காலை மாற்றி வைத்தது.
யாரும் கத்தவில்லை, விசிலடிக்கவில்லை.
அறுநூறு பேரும் ஒருவரையொருவர்
மூச்சால் தெரிந்துகொண்டு நின்றார்கள்.
பதினோரு நொடி.

பொறுக்க முடியாமல் மிர்த்தெ கையைத் தூக்கினாள்.
கைக்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள்.
ஏற்றினேன்.
கூரை இடிந்தது போலக் கூட்டம் கத்தியது.

மூன்று மணிக்கு பாரிலிருந்து ஸ்த்ராவ்கோ வந்தான்,
கையில் வெதுவெதுப்பான பியர்.
இருபத்து மூன்றைத் தொட்டாயா?
தொடவில்லை, எல்லாவற்றையும் இறக்கினேன்.
அதுதான் என் குளிர்ப்பெட்டி, என்றான்.
அந்தச் சுவரில் வேறு ப்ளக் இல்லை.
கோபித்துக்கொண்டு அரை மணி நேரம் கிடந்தது.

மிர்த்தெ வயர்களைச் சுருட்டுவதை நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.
நாளைக்கும் அதே பதினோரு நொடி வேண்டும். முடியுமா?

ஆசையோடு
தலையை இடமும் வலமும் ஆட்டினேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது.