ரீடிங்

மாதம் விட்டு மாதம், ஐந்தாம் தேதி,
வடவாற்றுப் பாலம் இறங்கினால்
குமரவேள் நகர் என் பீட்.
மின்வாரியக் கணக்கில் நானூற்றுப் பதினாறு மீட்டர்.

வீடுகளை முதலில் முடித்துவிடுவேன்.
வீடுகள் சாமர்த்தியமானவை.
"ஒரே ஒரு ஃபேன்தாம்மா ஓடுது" என்பார்கள்,
மாடியில் ஏசி முனகிக்கொண்டிருக்கும்.
பொதுக் கட்டடங்களுக்கு அது வராது.
என்ன நடந்ததோ அதை
எண்ணாக வைத்துக்கொண்டு நிற்கும்.

நகராட்சி நடுநிலைப் பள்ளி,
மே மாதம் பூட்டிக் கிடந்தும் நாற்பது யூனிட்.
வாட்ச்மேன் சவேரிமுத்து தலையைச் சொறிந்தார்.
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில்
ஃபேனை அணைக்காமல் பூட்டியிருக்கிறார்கள்.
கோடை முழுக்க அது
முப்பத்தெட்டுக் காலி இடங்களுக்குக் காற்று வீசியிருக்கிறது.
"யாரும் வேர்க்கலைம்மா" என்றார்.
அதே பள்ளி புயல் வருடத்தில் வேறு கணக்கு.
ஒன்பதாம் நாள் கரண்ட் வந்ததும்
அறுபத்தோரு குடும்பம்,
தலைமையாசிரியர் அறையில் ஒரே ஒரு ப்ளக்.
வரிசை கொடிமரம் வரை.

சமுதாயக் கூடம் ஆடியில் மூச்சு விடாது.
ஆவணி முதல் முகூர்த்தத்தில்
ஐந்நூறைத் தாண்டும்.
(சீரியல் விளக்குக்குக் கொக்கி போடுகிறவர்களை
எனக்குத் தெரியும்.
பெயர் எழுதினால் மொய் எழுத முடியாது.)

பைபாஸ் ஓரம் நெல் கொள்முதல் நிலையம்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
தூற்றும் இயந்திரம் ஓடாது, தராசு ஏறாது,
மூட்டைமேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல் மழை.
அந்த இரண்டு மாதம்
மீட்டரில் இரவு விளக்கு மட்டும் எரிந்திருக்கும்.
அது எத்தனை பேர் தூங்காத விளக்கு
என்பதற்குக் கட்டம் இல்லை.

கிளை நூலகம், பதினொன்று.
எப்போதும் பதினொன்றுதான்.
பத்மாசனி டியூப் லைட் போடுவதில்லை.
நாற்காலிகளை ஜன்னல் ஜன்னலாக நகர்த்தி
வெயிலை வாசகர்களுக்குப் பங்கிடுகிறார்.
பில் கட்டப் பணம் வரவில்லை
என்பது அதன் உரைநடை.
"நீயும் ரீடிங், நானும் ரீடிங்,
உனக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி" என்பார்.

கடைசியாக எரிவாயு தகன மேடை.
எரிப்பது வாயு.
கரண்ட் காற்றூதிக்கும் இரண்டு பல்புக்கும்தான்.
ஆளுக்கு ஆறு யூனிட் ஆகிறது.
நானாகப் போட்ட கணக்கு, வாரியத்துக்குத் தெரியாது.

முதல் முறை அங்கே போனபோது
பழைய வெள்ளை அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள்.
அதில் மேல் வரிகள் எல்லாம்
என் வீட்டுக்காரர் மகுடபதி கையெழுத்து.
இதே பீட்டில் பத்தொன்பது வருடம் நடந்தவர்.
நான்கை நாற்காலி மாதிரி போடுவார்.
பிறகு ஊரடங்கு.
பதினான்கு மாதம் யாரும் வரவில்லை,
'சராசரி' 'சராசரி' என்று பென்சிலில்.
பிறகு கருணை அடிப்படையில் நான்.

மீட்டரைப் பார்த்தேன்.
தொடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.
அவர் எழுதிய எண்ணை
என் எண்ணிலிருந்து கழித்தால் வருவது
ஊரில் அந்தப் பதினான்கு மாதம்.
அதில் ஆறு யூனிட் அவர்.
எந்த ஆறு என்று மீட்டர் பிரித்துச் சொல்லாது.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
என் நான்கு சாதாரண நான்கு.

இப்போது அட்டை கிடையாது, செல்போனில் செயலி.
இன்று தகன மேடை வாசலிலேயே சார்ஜ் தீர்ந்துவிட்டது.
திரும்பி நூலகத்துக்கு நடந்தேன்.
பத்மாசனி எதுவும் கேட்கவில்லை,
தினசரிகளை ஒதுக்கி ப்ளக்கைக் காட்டினார்.
வெயில் மூன்றாவது ஜன்னலுக்கு வந்திருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அடுத்த முறை இங்கே
பன்னிரண்டு காட்டினால்
அது நான்.