ஜூலையில் ஒரு கரண்டி

ஜனவரியில் பிறந்தாள் பெகாயிம்,
கணவாய்ச் சாலையைப் பனி மூடிய வாரத்தில்.
ஜூலையில் ஆறு மாதம் நிறைந்தது.
அட்பாஷிச் சரிவெங்கும் எஸ்பார்செட் பூத்து
என் நாற்பது பெட்டிகளும் இரைந்துகொண்டிருந்தன.

தேனீ வளர்ப்பவன் நான்.
மகள் வாயில் முதலில் படுவது என் தேன்தான் என்று
அவள் வயிற்றில் இருந்தபோதே
ஊரெல்லாம் சொல்லிவைத்தவன்.

செவிலி ராய்கான்
தடுப்பூசி அட்டையிலிருந்து தலை தூக்காமலே சொன்னாள்:
"ஒரு வயசு முடியும்வரை தேன் ஆகாது, தொலோகோன்.
உன் தேனும்தான்."

தேனுக்குள் ஏதோ ஒரு நுண்வித்து உறங்குமாம்.
நம்மை ஒன்றும் செய்யாதது
பிஞ்சுக் குடலில் விழித்துக்கொள்ளுமாம்.
எத்தனை கொட்டு வாங்கிய கை இது,
அன்றுதான் முதன்முதலாக
என் ஜாடியைப் பார்த்துப் பயந்தேன்.

அதற்கும் முன்னால், மூன்றாம் மாதத்தில்,
மேய்ப்பன் ஜுமாபேக் வந்தான்
குச்சியில் குத்திய ஆட்டுவால் கொழுப்போடு.
"சப்பட்டும், பிள்ளை தேறும்."
ஊல்கான் அவனுக்குத் தேநீர் ஊற்றினாள்,
ரொட்டி வைத்தாள், ஆட்டுவிலை விசாரித்தாள்.
கொழுப்பை நாய் தின்றது.

எப்போது தொடங்குவது?
நாள்காட்டி பாதிதான் சொல்லும்.
மீதியை அவளே சொன்னாள்.
கழுத்து நின்றது.
மடியில் வைத்தால் சாயாமல் உட்கார்ந்தாள்.
நான் ரொட்டியை மென்றால்
என் தாடையோடு அவள் தாடையும் அசைந்தது.
பிறகு ஒரு காலை
என் கரண்டியைப் பறித்தாள்.
குதிரைமேல் இருந்தபடி
ஆட்டுடலைப் பறிக்கும் ஆட்டக்காரனின் பிடி.

உருளைக்கிழங்கு.
உப்பில்லை, சர்க்கரையில்லை,
ஊல்கானின் பாலிலேயே குழைத்தது.
அரைக் கரண்டி வைத்தேன்.
நாக்கு அதை வெளியே கொண்டுவிட்டது,
வேண்டாத விருந்தாளியை வாசல்வரை
மரியாதையாக வழியனுப்புவதுபோல.
மறுபடி வைத்தேன்.
மறுபடி வாசல்.
மூன்றாம் தடவை முகம் சுருங்கி
உடம்பு ஒருமுறை குலுங்கி
எதையோ யோசித்து
விழுங்கினாள்.

அந்தத் தொண்டை ஏறி இறங்கியபோது
ஊல்கான் தன் மார்பைத் தொட்டுக்கொண்டாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
பால் நிற்கப்போவதில்லை, கிழங்கு அதற்குத் துணைதான்
என்று ராய்கான் சொன்னது இருவருக்கும் தெரியும்.
தெரிந்தால் மட்டும்?

மூன்று நாள் கிழங்கு. அப்புறம் மூன்று நாள் கேரட்,
ஒன்றுக்கொன்று கலக்காமல்,
தோல் தடிக்கிறதா வயிறு போகிறதா என்று
பெட்டிக்குப் பெட்டி கணக்கெழுதும் நோட்டிலேயே
இதையும் எழுதினேன்.

"காயிலே மட்டும் இரத்தம் ஊறாது.
நீ கொடுத்தனுப்பிய இரும்பு தீர்கிற நேரம் இது"
என்றாள் ராய்கான், ஊல்கானைப் பார்த்து.
அவித்த ஆட்டிறைச்சியைக் கத்திமுனையால் சுரண்டினேன்,
சட்டத்தில் மெழுகு சுரண்டும் அதே பக்குவத்தில்.
அதைத் தின்றுவிட்டு
மேசையை அடித்தாள்.

ஒருநாள் குமட்டினாள்.
முகம் சிவந்து கண்ணில் நீர்.
நான் பாய்ந்தேன், ஊல்கான் கையைப் பிடித்தாள்:
"இருமுகிறாள் கேள். சத்தம் வருகிறது.
சத்தம் நின்றால்தான் ஓடணும்."
அன்றிரவு தலையணையைக் கவிழ்த்துப் போட்டு
முதுகில் தட்டிப் பழகினோம்,
இரண்டு பெரியவர்கள்,
சிரிக்காமல்.

தேன் எடுத்த நாள். களைப்பில் மறந்துவிட்டேன்.
கைகழுவாமல் குனிந்தேன்,
விரலைப் பற்றி வாய்க்கு இழுத்தாள்.
ஒரு சாண் தூரம் இருந்தது.
வெடுக்கென்று உருவினேன்.
நான் அவளை அழவைத்தது அதுதான் முதல் தடவை.
மூன்று முறை சோப்புப் போட்டும்
கை இனித்துக்கொண்டே இருந்தது.

உறைந்தால் பனிபோல் வெளுக்கும் அந்தத் தேனில்
ஒரு ஜாடி மட்டும் விற்கவில்லை.
மூடியில் பேர் எழுதவில்லை. பிப்ரவரி என்று எழுதினேன்,
ஒரு மாதம் தள்ளியே.

இன்று பூசணி.
ஐந்தாம் கரண்டியில் தலையைத் திருப்பிக்கொண்டாள்.
போதும் என்பதற்கு அவளிடம் இருக்கும் ஒரே சொல் அது.
வற்புறுத்தவில்லை.
மீதியை நான் தின்றேன்.

உப்பில்லாமல், தேனில்லாமல்
பூசணிக்கென்று ஒரு ருசி இருக்கிறது.
கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான்
கரண்டியைக் கழுவப் போனேன்.