ஒப்படைப்பு

"திங்கள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு மிஸ்ஸி,
மறதி உண்டு, ஆனா இப்படி இல்ல"
என்றான் மகன் ஜெரோம்,
ஈப்போவிலிருந்து வேலை உடுப்போடு வந்தவன்.
நான் நம்பினேன்.
மறதி வருடக்கணக்கில் வரும், செம்பனை வந்ததுபோல,
பால்மரத்தை நிரை நிரையாகச் சாய்த்துக்கொண்டு.
இது ஒரே இரவில் வந்திருக்கிறது.
ஒரே இரவில் வந்ததற்கு ஒரு காரணம் இருக்கும்.

சிறுநீரில் இருந்தது.

சுங்கை சிப்புட், ஆண்கள் வார்டு, ஏழாம் கட்டில்.
இன்னாசிமுத்து, வயது எண்பத்தொன்று.
"படுங்க, படுங்க" என்று பகலெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள்.
அதற்குப் பிறகுதான் மணிக்கட்டில் அந்தத் துணி.
முதலில் அதை அவிழ்த்தேன்.
கண்ணாடியைத் துடைத்து மாட்டினேன்.
காது மிஷினில் பேட்டரி செத்திருந்தது;
நோராயினி எங்கிருந்தோ ஒன்று கொண்டுவந்தாள்,
யாருடையது என்று கேட்கவில்லை.

மூன்றரை மணிக்கு எழுந்துகொண்டார்.
சொட்டு மருந்துக் கம்பியைத் தள்ளியபடி
கட்டில் கட்டிலாக நின்றார்.
"வாயைத் திற. முழுங்கு. நாக்கைக் காட்டு."
எட்டாம் கட்டில் ஆ சோங் அரைத்தூக்கத்தில்
நாக்கைக் காட்டினார்.

அப்போதுதான் புரிந்தது.
தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர்.
பெரட்டுக் களத்தில் இருட்டு விலகுமுன்
கொய்னா மாத்திரையோடு நின்றவர்;
கசப்புக்குப் பயந்து கன்னத்தில் ஒதுக்கி
காண்டாவோடு நடக்கும்போது துப்புகிறவர்கள்
யார் யார் என்று அறிந்தவர்.

நான் வாயைத் திறந்தேன்.
தண்ணீரை முழுங்கி நாக்கைக் காட்டினேன்.
"இப்ப நீங்க சார். டிரெஸரே முழுங்காட்டி
ஜனங்க எப்படி முழுங்கும்?"
யோசித்தார். நியாயம் என்று பட்டிருக்க வேண்டும்.
மாத்திரையும் முக்கால் டம்ளர் தண்ணீரும் இறங்கின.
இரண்டு நாளில் அதுதான் அதிகம்.

பிறகு பேனாவை நீட்டினேன்.
"உங்க டியூட்டி முடிஞ்சது சார்,
ஒப்படைச்சிட்டுப் போங்க. யாரைக் கவனிக்கணும்?"
வார்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.
"ஏழாம் கட்டில்" என்றார், குரலைத் தாழ்த்தி.
"காய்ச்சல். தனியா விடாதே.
வந்ததிலேர்ந்து அந்த ஆளுக்கு
இது எந்த இடம்னு யாரும் சொல்லல."

கையெழுத்துப் போட்டார்,
டிரெஸர்மார் கையெழுத்து, படிக்க முடியாதது.
ஏழாம் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டார்.
பக்கத்தில் நாற்காலி போட்டு
இடத்தின் பெயரைச் சொன்னேன்,
விடியும்வரை, அவர் கண் திறந்தபோதெல்லாம்.

நான்காம் நாள் காய்ச்சல் இல்லை.
கம்பி இல்லை, கட்டளை இல்லை.
"அப்பா பழையபடி ஆயிட்டாரு" என்று ஜெரோம் கண் கலங்கினான்.
உண்மைதான். பழையபடி:
கரண்டியைப் பிடித்துக்கொண்டு
அடுத்து என்ன என்று காத்திருக்கும் மனிதர்.
"இந்தத் தம்பி யாரு?" என்று
என்னிடம் மெதுவாகக் கேட்டார்.
குணமானதில் எனக்கும் பங்குண்டு.
அந்த டிரெஸரை அனுப்பிவைத்ததிலும்.

வீட்டுக்குப் போகும் தாளில் எழுதினேன்:
தண்ணீர். கண்ணாடி. காதுக்குச் சின்ன பேட்டரி.
திடீரென்று மாறினால் மறதிதானே என்று விட்டுவிட வேண்டாம்,
அன்றைக்கே கொண்டுவரவும்.
கடைசியில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.
மாத்திரை கொடுக்கும்போது
முதலில் நீங்கள் நாக்கைக் காட்டவும்.