ஆட்டம்

ஹாப்சலுவில் கடல் உறைந்துவிட்டது.
கொட்டகையில், பின்சக்கரம் இல்லாமல்,
மரப்பெட்டிமேல் குந்தியிருக்கிறது வண்டி.

அச்சு போல்ட் மூன்று நாளாய் அசையவில்லை.
எண்ணெய் விட்டாள் மாரெ, சூடு காட்டினாள்.
எஸ்தோனிய வசவெல்லாம் தீர்ந்து
ரஷ்ய வசவுக்குப் போனபோது
டொக்கென்று விட்டுக்கொடுத்தது.

ஸ்விங் ஆர்மின் துளையிலிருந்து
காப்பித்தூளாய்க் கொட்டியது துரு.
பேரிங்கின் ஊசிக்குச்சிகள்
இருக்க வேண்டியது இருபத்தாறு.
உள்ளங்கையில் பத்தொன்பது.
மீதி அந்தத் தூளில் எங்கோ.

வளைவுதோறும் வண்டியின் பின்புறம் நெளியும்.
"ஆடாம உட்காரத் தெரியாதா?"
ஆறு கோடை கத்தியிருக்கிறாள்
பின்னால் இருந்த ஐவோவிடம்.
மூச்சடக்கி உட்கார்ந்து பார்த்தான்.
இளைத்துக்கூடப் பார்த்தான்.
போன மார்ச்சில் தார்த்துவுக்குக் குடிபோனான்.

அவனில்லாத முதல் வளைவிலும்
நெளிந்தது.

புது பேரிங்குகள் ராத்திரி முழுக்க
ஃப்ரீசரில், மத்தி மீனுக்கு நடுவே.
காலையில் சூடேற்றிய துளைக்குள்
சாக்கெட்டை வைத்து நாலு தட்டு,
முனகாமல் இறங்கின.

பழைய குச்சிகளைத் துடைத்து
செய்தித்தாளில் வரிசையாய் அடுக்கி,
கிரீஸ் விரலாலேயே படமெடுத்து
ஐவோவுக்கு அனுப்பினாள்.
ஒரு சொல்லும் எழுதவில்லை.

சாயங்காலம் பதில் வந்தது:
"என்ன இது,
மீன் முள்ளா?"