பன்னிரண்டு மணி ஒரு நிமிடம்

ஹூமா நகரம், லூசியானா, மே மாதம்.
வளைகுடாவில் இன்னும் எந்தக் காற்றுக்கும் பெயர் வைக்கவில்லை.
கடிதம் மட்டும் கரையேறிவிட்டது:
போன வருடம் மூவாயிரத்து இருநூறு டாலர்,
இந்த வருடம் ஐயாயிரத்துத் தொள்ளாயிரம்.
அன்புள்ள நோவெல்லா, உங்கள் விசுவாசத்துக்கு நன்றி.

என் பெயர் நோயெல்லா.

ஆல்சீட் இழுவைக் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன்,
ஒழுகும் குழாயை நின்ற இடத்திலேயே முடுக்கிப் பழகியவன்.
"பதினொரு வருஷம். ஓர் ஆணிக்குக்கூட
அவர்களிடம் கை நீட்டவில்லை. இன்றைக்கே வெட்டு."
தொலைபேசியைப் பிடுங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்தேன்.
எதிர்வீட்டு வெர்டின் அப்படித்தான் வெட்டினார்.
புதிது தேடுவதற்குள் வங்கிக்குத் தெரிந்து
அவர் தலையில் வங்கியே ஒரு பாலிசியைக் கட்டியது.
இரண்டு மடங்கு விலை.
அந்தக் குடையின் கீழே கடன் நனையாது,
கட்டில் நனையும்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
ஏசுவார்கள்.
இந்த ஒரு வேலைக்கு அப்படித்தான் நிற்கவேண்டும்.

அவன் கடலுக்குப் போனான், இருபத்தெட்டு நாள்.
நான் போன் செய்தேன்.
முதல் நிறுவனம் கூரையின் வயதைக் கேட்டது.
பதினாறு என்றேன்.
வரன் பிடிக்காத வீட்டார்போலப்
பிறகு சொல்கிறோம் என்றார்கள்.

இரண்டாவது, நம்பமுடியாத மலிவு.
நம்பாமல் பதினான்காம் பக்கம்வரை படித்தேன்.
பெயருள்ள புயலென்றால்
முதல் ஐந்து சதவீதம் உங்கள் பங்கு.
சேதத்தில் ஐந்து அல்ல,
வீட்டின் மதிப்பில்.
மின்கட்டண உறையின் பின்புறம் கணக்குப் போட்டேன்:
பதினாலாயிரம் டாலர்.
பெயரில்லாத காற்று பிய்த்தால் ஆயிரம்தான்.
ஒரு பெயருக்கு இவ்வளவு விலை
எங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

மூன்றாவது, குளோடில்ட் பீத்ர் என்ற ஏஜெண்ட்.
இருமிக்கொண்டே உண்மை பேசினாள்.
"நாலாயிரத்து நானூறு. புயலுக்கு இரண்டு சதவீதம்.
மலிவு இல்லை. ஆனால் பணம் கொடுக்கிற கம்பெனி.
கூரைப் படம் வேண்டும், சீக்கிரம்.
வளைகுடாவுக்குள் ஒன்று நுழைந்துவிட்டால்
இந்த மாநிலத்தில் யார் பேனாவும் எழுதாது."

ஏணி வைத்தேன். ஐம்பத்து மூன்று வயதில்
என் வீட்டின் உச்சந்தலையை முதன்முதலாகப் பார்த்தேன்.
வெளுத்த டென்னிஸ் பந்து ஒன்று,
பறவை எச்சம்,
தெற்கு மூலையில் உதடு பிரிந்த ஓடு ஒன்று.
அதையும் படமெடுத்தேன். மறைக்கவில்லை.
பிறகு சுத்தியலோடு மறுபடி ஏறி
அடித்துவிட்டு இன்னொரு படம்.

ஜூன் மூன்று, கையெழுத்து. முன்பணம்.
தொடக்கம்: ஜூன் பத்தொன்பது, இரவு 12:01.
பழையதின் முடிவு: அதே தேதி, அதே 12:01.
வங்கிக்கு ஒரு கடிதம், பிரீமியம் கட்டுவது அவர்கள் கை அல்லவா.
பழையவர்களுக்கு இரண்டே வரி,
புதுப்பிக்க வேண்டாம் என்று,
புதிய பாலிசியின் எண் கையில் வந்த பிறகு.

ஜூன் ஐந்து, யூகடான் பக்கம் ஒரு சுழல்.
ஆறாம் தேதி அதற்குப் பெயர் வைத்தார்கள்.
குளோடில்ட் கூப்பிட்டாள்:
"காலையிலிருந்து புத்தகத்தை மூடிவிட்டார்கள்.
நீ உள்ளே இருக்கிறாய்."
வரிசையில் இன்னும் நாற்பது பேர் என்றாள். இருமினாள்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.
நிம்மதியாக இருந்ததற்குக் கூச்சமாகவும் இருந்தது.

அந்தப் புயல் மெக்சிகோவுக்குத் திரும்பியது.
எங்களுக்கு மழை மட்டும்.

பதினெட்டாம் தேதி இரவு தூங்கவில்லை.
பன்னிரண்டு அடித்தது.
அடுப்புமேல் கடிகாரத்தில் எண் மாறும்வரை
சமையலறையில் நின்றேன்,
நெருப்புக்குச்சியைக்கூடத் தொடாமல்.

ஒரு வாரம் கழித்துப் பழைய நிறுவனத்தின் கடிதம்:
உங்களை இழப்பதில் வருந்துகிறோம்,
அன்புள்ள நோயெல்லா.

எழுத்துப்பிழை இல்லை.