திங்கட்கிழமைக்கு முன்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு
படகு ராய்ஸுக்குப் போகிறது.
தாளில் அப்படித்தான் இருக்கிறது,
ஃப்ரிட்ஜுக்கும் புல்வெட்டி இயந்திரத்துக்கும் நடுவில்,
நீதிபதியின் கையெழுத்துக்குச் சற்று மேலே.
"சனிக்கிழமை இன்னும் என்னோடதுதான்" என்றாள் கார்லிஸ்.
நான் ஐஸ் பெட்டியைத் தூக்கினேன்.

ஸ்டீன்ஹாட்சி ஆறு விடியலில்
பால் விடாத தேநீரின் நிறம்.
கம்பத்துக்கு ஒன்றாக நீர்க்காகங்கள்
ஈரச் சிறகை விரித்துக்கொண்டு.
முகத்துவாரம் தாண்டியதும் அவள் விசையைத் தள்ளினாள்,
என் தொப்பி பறந்தது.
திரும்பிப் போய் எடுக்கவில்லை.

இரைக்காக முதலில் கடற்புல் திட்டில் நின்றோம்.
உள்ளங்கையளவு மீன்கள், முதுகெல்லாம் ஊசி.
ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில்
ஊசிக்குப் பயந்தவர்களை நாளெல்லாம் தேற்றுகிறவள் நான்.
பதினோராவது மீனில்
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் தீர்ந்துபோயின.

கரை இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆழம் பன்னிரண்டடி.
நீர் குளிர்ந்தால் களவா தானே வரும்
இந்தச் சுண்ணாம்புக்கல் விளிம்புகளுக்கு.
களவா. பேரிலேயே களவு.
அடித்த அடியில்
கார்லிஸின் முழங்கால் படகுச் சுவரில் மோதியது,
கோலின் நுனி தண்ணீருக்குள் போனது,
"சுத்து, சுத்து" என்று நான் கத்திக்கொண்டிருக்க
அதற்குள்
பாரம் மட்டும் மிஞ்சியது. அசைவில்லை.
பொந்தில் நுழைந்து செவுளை விரித்து
அடைத்துக்கொண்டுவிட்டது.

இழுத்தால் நரம்பு அறுந்துவிடும்.
அவள் இழுக்கவில்லை.
ஒரு முழம் தளர்த்திவிட்டு, கோலைச் செருகிவிட்டு,
சாண்ட்விச்சைப் பிரித்தாள்.
"யாரும் இழுக்கலேன்னு அது நம்பணும். பத்து நிமிஷம்."

தக்காளிச் சாறு மணிக்கட்டில் வழிய
அந்தப் பத்து நிமிஷத்தில்தான் சொன்னாள்:
பத்தொன்பது வருஷத்தில் ஒருமுறைகூட
ராய்ஸ் அவளை இந்தப் படகை ஓட்டவிட்டதில்லை.
அவன் இரவு வேலைக்குப் போன நாட்களில்
வீட்டு முற்றத்தில், டிரெய்லர் மேலேயே ஏறி உட்கார்ந்து
இருட்டில் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிக்
கற்றுக்கொண்டாளாம். சாவி இல்லாமல். கடல் இல்லாமல்.

என் படுக்கையறை ஜன்னல்
அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.
நான் ஊறுகாய்த் துண்டைத் தின்றேன்.

நரம்பு அசைந்தது,
பல்லியின் தொண்டை துடிக்கிற அளவுக்கு.
வாயில் ரொட்டியோடு பாய்ந்தாள்.
இந்தமுறை அது கல்லைத் தேடுமுன் பாதித் தூரம் வந்துவிட்டது.

சாம்பல் உடம்பு. மேலெல்லாம்
யாரோ கரி உதட்டால் முத்தமிட்ட தடங்கள்.
அளவுப் பலகையில் கிடத்தி, வாலைக் கூட்டிப் பிடித்தோம்.
இருபத்து மூன்றே முக்கால் அங்குலம்.
வேண்டியது இருபத்து நாலு.
இன்னொரு முறை வைத்தோம். மீன் வளரவில்லை.
"இந்த வயசுல எல்லாமே பொண்ணுங்கதான்.
ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் சிலது ஆம்பளையா மாறும்."
"எச்சரிச்சு அனுப்பு" என்றேன்.
அவள் நிஜமாகவே குனிந்து
அதன் முகத்தருகில் ஏதோ சொன்னாள், நெடுநேரம்.
பிறகு ஒரு வால்வீச்சு.
என் மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு.

அப்புறம் மூன்று மணிவரை
ஒரு கெளுத்தி, யாரோ இழந்த நங்கூரக் கயிறு.

படித்துறையில் படகை நன்னீர் விட்டுக் கழுவினாள்.
சோப்புப் போட்டு, பல் துலக்கும் பிரஷால் ஆணி ஆணியாக.
டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்றினாள், சொந்தக் காசில்.
அவளுக்காகப் பெருமைப்படலாமா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்தபோது
முன் அறையின் மூடியைத் திறந்து,
பழைய மிதவை அங்கிகளுக்கு அடியில், கை எட்டாத மூலையில்,
செத்த இரைமீன் இரண்டை
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் கிடத்தி
மூடினாள்.

ஹோஸைச் சுருட்டினேன்.
"நாளைக்கு நல்ல வெயிலாம்" என்றேன்.